ஊழியமும் படைப்பும்: ஆர்கன் கலைஞர் சேசார் ஃபிராங்க்



தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டே பெரும் படைப்புகளைத் தந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். அப்படிச் சொன்னவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் பாக். அவரைப் பற்றி இத்தகைய மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. நான் எடுத்துக்கொண்டிருப்பவர் பாக் மறைந்து எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். பெயர் சேசார் ஃபிராங்க். 1858-ல் பாரிஸ் நகரத்தின் சேந்த் க்ளோத்தில்த் ஆலயத்தில் பணிக்குச் சேர்ந்தார். 1890-ல் கண்மூடும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், அந்த ஆலயத்தை விட்டு அவர் வேறெங்கும் போகவில்லை.

வயலின் கற்றுத் தேறியவர்கள் ஒருநாள் எப்படியும் வாசித்தே தீர வேண்டும் என்று ஆசைப்படும் ஏ மேஜர் சொனாட்டா அவருடையது. டி மைனர் சிம்பொனி அவருடையது. கத்தோலிக்கத் திருமணங்களிலும் நற்கருணை வேளையிலும் பாடப்படும் ‘பானிஸ் ஆஞ்செலிக்குஸ்’ பாட்டின் புகழ்பெற்ற மெட்டும் அவருடையதே. அந்தச் சொனாட்டாவை எழுதியபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. சிம்பொனி அரங்கேறியபோது அறுபத்தாறு. இவ்வளவு தாமதமாக மலர்ந்த ஒரு கலைஞரைப் பார்க்கும்போது, பாவம், ஆலய வேலையும் டியூஷனும் இவரைத் தின்றுவிட்டன, இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஊழியம்தான் அவரைப் படைப்பாளியாக வளர்த்தது. அதை உங்கள் முன் எடுத்துவைக்கத்தான் வந்திருக்கிறேன்.

ஃபிராங்க் 1822 டிசம்பர் 10 அன்று லியேஜ் நகரில் பிறந்தார். இன்று அது பெல்ஜியத்தில் இருக்கிறது. அன்று பெல்ஜியம் என்ற நாடே உருவாகியிருக்கவில்லை. தந்தை நிக்கோலா ஜோசப்புக்கு ஒரே கனவுதான். மகனைப் பெரிய பியானோ வித்வானாக்கி, ஊர் ஊராகக் கச்சேரி செய்ய வைத்து, பேரும் பணமும் பார்க்க வேண்டும். அதற்காகவே 1835-ல் குடும்பத்தோடு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். 1837-ல் பையன் பாரிஸ் அரசு இசைக் கல்லூரியான கன்ஸர்வத்வாரில் சேர்ந்தான். மறு ஆண்டு பியானோ போட்டியில், முன்பின் பார்த்திராத ஓர் உருப்படியைக் கொடுத்து அங்கேயே வாசிக்கச் சொன்னார்கள். அவன் அதை எழுதியிருந்த சுருதியில் வாசிக்காமல், தாழ்த்தி வேறொரு சுருதியில் வாசித்துக் காட்டினான். யாரும் கேட்காத வித்தை அது. விதிப்படி பரிசு கொடுப்பதா மறுப்பதா என்று நடுவர்கள் திகைத்து, கடைசியில் அவனுக்கென்றே ஒரு தனி கௌரவப் பரிசை உண்டாக்கினார்கள்.

1841-ல் ஆர்கன் போட்டியிலும் இதே கதைதான். அந்தத் தேர்வில் கொடுக்கப்பட்ட கருவை வைத்து அங்கேயே ஒரு ஃபியூக், அதாவது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே கருவை எடுத்துக்கொள்ளும் இசை, கட்ட வேண்டும். இன்னொரு கருவை வைத்து மனம்போல விரித்து வாசிக்க வேண்டும். ஃபிராங்குக்கு இரண்டு கருக்களும் ஒன்றோடொன்று இசைந்து வரும் என்று தோன்றிவிட்டது. தனித்தனியாகச் செய்ய வேண்டியதை ஒன்றாகப் பின்னி ஒரே நீண்ட வாசிப்பாகச் செய்துவிட்டார். நடுவர்களுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆசிரியர் பெனுவா எடுத்துச் சொன்ன பிறகு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். ஃபிராங்கின் மாணவர் வேன்சான் தேந்தி எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இது விரிவாக இருக்கிறது. இரண்டு கருக்களைக் கண்டவுடன் அவற்றுக்குள் இருக்கும் உறவைக் காதால் கண்டுபிடிக்கும் அந்த இயல்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிற்காலப் படைப்புகளெல்லாம் அதிலிருந்துதான் கிளைத்தன.

தந்தை பொறுக்கவில்லை. 1842-ல் படிப்பை நிறுத்திக் கச்சேரிக்கு இழுத்துப் போனார். மகன் பணிந்து போனான்; ஆனால் மனம் ஒட்டவில்லை. 1846-ல் அவருடைய ‘ரூத்’ என்ற விவிலியக் காவியம் பாரிஸில் அரங்கேறியது. வரவேற்பு சுமார்தான். அதே ஆண்டு வீட்டில் ஒரு சம்பவம். ஃபெலிசிதே என்ற மாணவிக்குக் காணிக்கையாக்கி அவர் எழுதியிருந்த பாட்டு தந்தையின் கையில் சிக்கியது. அவர் அதைக் கிழித்தெறிந்தார். மகன் நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், கிழிந்த பாட்டை நினைவிலிருந்தே மறுபடி எழுதி அவளிடம் கொடுத்தார். அந்தக் கோடையிலேயே தந்தையின் வீட்டை விட்டு வெளியேறினார். 1848 பிப்ரவரி 22 அன்று நோத்ர்தாம் த லோரெத் ஆலயத்தில் இருவருக்கும் திருமணம். பாரிஸில் புரட்சி வெடித்த நாள் அது. தெருக்களில் தடுப்பு அரண்கள் எழுந்திருந்தன; மணமக்கள் அவற்றின்மீது ஏறிக் கடந்து ஆலயத்துக்குப் போனார்கள்.

மேடைப் புகழை விட்டுவிட்டு வந்த அந்த இளைஞருக்கு வயிற்றுப்பாட்டுக்கு இருந்த வழிகள் இரண்டு: வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பது, ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பது. அந்த நோத்ர்தாம் த லோரெத் ஆலயத்திலேயே துணை ஆர்கனிஸ்டாகச் சில ஆண்டுகள் இருந்தார். பிறகு மாரே பகுதியில் இருந்த சேன் ழான் சேன் ஃபிரான்சுவா என்ற சிறு ஆலயத்துக்குப் போனார். அங்கே இருந்தது கவாயே-கோல் செய்த ஆர்கன். இந்தப் பெயரிடம் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அரிஸ்தீத் கவாயே-கோல் 19-ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸின் தலைசிறந்த ஆர்கன் கட்டுநர். 1841-ல் சேன் தெனி ஆலயத்தில் அவர் நிறுவிய ஆர்கன் அந்தக் கருவியின் போக்கையே மாற்றியது. ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு குழாய். ஒவ்வொரு குரல்வகைக்கும் ஒரு குழாய் வரிசை. அந்த வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். வாசிப்பவர் ஒரு குமிழை வெளியே இழுத்தால் அந்த வரிசை பேசும். உள்ளே தள்ளினால் மௌனமாகிவிடும். பழைய ஆர்கனில் ஸ்டாப்புகளைச் சேர்க்கச் சேர்க்கக் கட்டைகள் கனத்துப் போகும். காற்றை அடைத்து வைத்திருக்கும் மூடிகளையெல்லாம் விரல் பலத்தாலேயே திறக்க வேண்டியிருந்ததால் வந்த சுமை அது. இங்கிலாந்தில் பிறந்த பார்க்கர் என்பவர் கண்டுபிடித்த ஒரு சிறு காற்றுத் துருத்தி நெம்புகோலைக் கவாயே-கோல் தன் கருவியில் பொருத்தினார். விரல் தொட்டால் போதும். மிச்ச வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, ஒரு பகுதிக் குழாய்களை மரப்பெட்டிக்குள் அடைத்து, பெட்டியின் கதவுகளைக் கால்மிதியால் திறந்து மூடும் ஏற்பாடு. இது முன்பே இருந்ததுதான். அவர் அதைச் செம்மைப்படுத்தினார். கதவு திறக்கத் திறக்க ஒலி வளரும். மூட மூடத் தேயும். ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருந்த ஆர்கன் மனிதக் குரல்போல ஏறி இறங்கக் கற்றுக்கொண்டது. இந்தக் கருவி கையில் கிடைத்தபோது ஃபிராங்க் அதை ஓர் ஆர்க்கெஸ்ட்ரா என்றே சொல்லிப் பூரித்தார்.

சேந்த் க்ளோத்தில்த் ஆலயம் 1857-ல் கட்டி முடிக்கப்பட்டது. பிரபுக்களும் அரசு உயர் அதிகாரிகளும் வாழ்ந்த பகுதி. 1858-ன் தொடக்கத்தில் ஃபிராங்க் அங்கே பாடகர் குழுத் தலைவராக நியமிக்கப்பட்டார். கவாயே-கோல் அங்கேயும் ஆர்கன் கட்டிக்கொண்டிருந்தார்: கைக்கு மூன்று கட்டை வரிசைகள், காலுக்கு ஒரு பெடல் வரிசை, நாற்பத்தாறு ஸ்டாப்புகள். 1859 டிசம்பர் 19 அன்று திறப்பு விழா. அந்தப் பெரிய ஆர்கனுக்குப் பொறுப்பு ஃபிராங்கிடம் வந்தது.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர், கன்ஸர்வத்வாரில் பரிசு வாங்கியவர், ஆலயத்தில் ஆண்டுக்கணக்கில் வாசித்தவர், ஒரு பெடல் பலகையை வாங்கி வீட்டில் வைத்துக் கால்பயிற்சி செய்யத் தொடங்கினார். அதன் பின்னணி இது: 1850-களில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆர்கனிஸ்ட் லெமென்ஸ் பாக்கின் படைப்புகளைப் பாரிஸில் வாசித்தபோது, இரண்டு கால்களாலும் ஒரு முழுக் குரலை எப்படி நடத்தலாம் என்பதைப் பிரெஞ்சு ஆர்கனிஸ்டுகள் பார்த்தார்கள். நம் தேவாலயங்களில் நாற்பது வயதைத் தொட்ட பிறகு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தயங்கும் இசைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கெல்லாம் இந்தப் பெடல் பலகையைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இனி அவருடைய ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்று பார்ப்போம். பிரெஞ்சு ஆலயங்களில் பெரிய ஆர்கன் வாசலுக்கு மேலே மாடத்தில் இருக்கும். பீடம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில். காணிக்கை எடுக்கும் நேரம், அப்பமும் ரசமும் உயர்த்தப்படும் நேரம், நற்கருணை வழங்கும் நேரம், மக்கள் கலைந்து போகும் நேரம், இவையெல்லாம் ஆர்கனுக்கு உரியவை. காணிக்கை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நற்கருணை வரிசை நீண்டால் இசையும் நீள வேண்டும். வரிசை முடிந்தால் சட்டென்று, ஆனால் அறுந்துபோன உணர்வு வராமல், முடித்தாக வேண்டும். அச்சிட்ட உருப்படி இதற்கு உதவாது. அந்தக் கணத்தில் பிறக்கும் இசைதான் உதவும். நம் ஊர்க் கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வர வித்வான் ராகம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். தேர் நின்றால் ஆலாபனை விரியும். சுவாமி நகர்ந்தால் ராகம் அதற்கேற்ப முடிவை நோக்கித் திரும்பும். நேரத்தை நிர்ணயிப்பது வழிபாடு. அந்த நேரத்துக்குள் இசையை முழுமையாக்குவது வித்வானின் மனோதர்மம். ஃபிராங்க் செய்ததும் அதுதான்.

மாலை வழிபாட்டில் மரியாளின் பாட்டைப் பாடும்போது ஒரு வசனத்தைப் பாடகர் குழு பாடும். அடுத்த வசனத்துக்குப் பதிலாக ஆர்கன் பேசும். இப்படி மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் ஆர்கனுக்குக் கிடைப்பது மிகச் சிறிய நேரம். அதற்குள் ஒரு கருத்து எழ வேண்டும், வளர வேண்டும், அடுத்த வசனத்தின் சுருதியில் போய் இறங்க வேண்டும். வாரம் தவறாமல், முப்பது ஆண்டுக்கு மேல். சின்ன இடத்தில் நிறையச் சொல்லும் பழக்கமும், எந்தச் சுருதியிலிருந்தும் எந்தச் சுருதிக்கும் வழி தெரிந்த கைகளும் இப்படித்தான் வந்தன. ஃபிராங்கின் இசையைக் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது அந்தச் சுருதி மாற்றங்களைத்தான். மாறியது எப்போது என்று தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறோர் இடத்தில் இருப்போம். புத்தகத்தில் படித்துக் கற்ற நுட்பம் இவ்வளவு இயல்பாக வராது. வசனத்துக்கு வசனம் வழி கண்டுபிடித்தவருக்குத்தான் வரும்.

ஞாயிறு வாசிப்புகளில் முளைத்தவையும் தனியே சிந்தித்தவையும் சேர்ந்து ‘ஆறு உருப்படிகள்’ என்ற தொகுப்பாயின. 1868-ல் அச்சேறியது. அதில் ‘பிரேலூத், ஃபியூக், வேரியாசியோன்’ என்று ஒன்று உண்டு. இசையமைப்பாளர் சேன்-சான்ஸுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஓபோ என்ற ஸ்டாப்பில் ஒரு மெட்டு தனியாக எழுகிறது. சோகமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியாத மெட்டு. அடியில் மெல்லிய குரல்கள் அசைகின்றன. பிறகு ஃபியூக் வருகிறது. ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன. முடிவில் முதல் மெட்டு திரும்புகிறது. மெட்டு அதேதான், அடியில் ஓடுவது மட்டும் வேறு. இப்போது கீழே இடைவிடாத நீரோட்டம். கணக்கும் கனிவும் ஒரே இசையில் இருக்க முடியும் என்று சந்தேகப்படுகிறவர்கள் இதைக் கேட்டால் போதும்.

அந்தத் தொகுப்பில் இன்னொன்று ‘பெரிய சிம்பொனிக் உருப்படி’. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். பிறகு வீதோர், வியர்ன் ஆகிய ஆர்கனிஸ்டுகள் ஆர்கனுக்கென்றே எழுதிய சிம்பொனிகளுக்கெல்லாம் இது முன்னோடி. 1866-ல் ஃபிரான்ஸ் லிஸ்ட் சேந்த் க்ளோத்தில்த் மாடத்துக்கு ஏறி வந்து ஃபிராங்கின் வாசிப்பைக் கேட்டார். ஐரோப்பா முழுவதும் தலையில் வைத்துக் கொண்டாடிய மேதை, இறங்கும்போது ஃபிராங்கைப் பாக்குக்கு இணையாகப் பேசினார்.

‘பானிஸ் ஆஞ்செலிக்குஸ்’ 1872-ல் எழுதப்பட்டு, முன்பே எழுதியிருந்த அவருடைய மூன்று குரல் திருப்பலியில் சேர்க்கப்பட்டது. டெனார் குரல், ஆர்கன், ஹார்ப், செல்லோ, டபுள் பேஸ். முதலில் செல்லோ மெட்டைச் சொல்லும். பிறகு பாடகர் அதைப் பாடுவார். இரண்டாம் முறை மெட்டு வரும்போது ஒரு குரலை இன்னொரு குரல் சற்றே பின்தள்ளி அப்படியே பின்தொடரும். இசைக் கணக்கில் இதற்குக் கேனன் என்று பெயர், கட்டுவது கடினம். நற்கருணைக்கு நடந்துபோகிறவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தான் தனியாகப் போகவில்லை, கூட யாரோ நடந்து வருகிறார்கள் என்ற உணர்வு மட்டும் வரும். ஓர் ஆலய இசைஞர் தன் கல்வியை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஃபிராங்கின் அன்றாடம் கடுமையானது. காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். முதல் இரண்டு மணி நேரம் அவருடைய சொந்த எழுத்துக்கு. அதன் பிறகு சிற்றுண்டி. பிறகு பாரிஸின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவார். பெண்கள் பள்ளிகள், செல்வர் வீடுகள், சங்கீதம் கேட்கப் பிடிக்காத குழந்தைகள். மாலையில் வீட்டில் மாணவர்கள். கோடை விடுமுறைதான் பெரிய படைப்புகளுக்கான காலம். காலையின் அந்த இரண்டு மணி நேரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1872-ல் கன்ஸர்வத்வாரில் ஆர்கன் பேராசிரியர் பதவி வந்தது. தன் ஆசிரியர் பெனுவாவின் நாற்காலி. பெயருக்கு ஆர்கன் வகுப்பு. பெரும்பகுதி நேரம் போனது அந்தக் கணத்தில் இசை கட்டும் பயிற்சிக்கு. தேவாலயப் பாட்டுக்குத் துணை வாசிப்பது, கொடுத்த கருவில் ஃபியூக் கட்டுவது, கொடுத்த கருவை விரித்து வாசிப்பது. மாணவர் தடுமாறினால் ஃபிராங்க் திட்ட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தானே அந்தக் கருவை எடுத்து வழி காட்டுவார். தேந்தி, துபார்க், ஷோசோன், ரோபார்ட்ஸ், பியெர்னே, தூர்னமீர் என்று பிரெஞ்சு இசையின் ஒரு தலைமுறையே அவரைச் சுற்றி வளர்ந்தது. மாணவர்கள் அவரைத் தந்தை ஃபிராங்க் என்றே அழைத்தார்கள். தன் தந்தையின் கண்டிப்பில் அடிபட்ட ஒருவர் இந்தப் பெயரை வாங்கியது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடும்.

பாரிஸில் பார்வையற்ற இளைஞர்களுக்கான தேசியப் பள்ளி ஒன்று உண்டு. அங்கே இசைப் பயிற்சிக்கு முக்கிய இடம். ஃபிராங்க் அதன் தேர்வாளராக இருந்து அந்த மாணவர்களை ஊக்குவித்தார். பாக்கின் ஆர்கன் படைப்புகள் அவர்களுக்காகப் பிரெய்லில் வந்தபோது விரல் குறிப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்தார். பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்திருந்த லூயி வியர்ன் சிறுவனாக சேந்த் க்ளோத்தில்த்தில் ஃபிராங்கின் வாசிப்பைக் கேட்டு நெகிழ்ந்து போனதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் ஆர்கனிஸ்டானான். 1898-ல் ஃபிராங்கின் பெரிய ஆர்கன் படைப்புகள் முழுவதையும் கச்சேரியில் வாசித்த ஆல்பேர் மாஓ பார்வையற்றவர். 1945 முதல் 1987 வரை ஃபிராங்கின் அதே மாடத்தில் வாசித்த ழான் லாங்லேயும் பார்வையற்றவர்.

வெளியுலகம் அவரை எப்படி நடத்தியது? பத்தாண்டு உழைத்து எழுதிய ‘பேறுபெற்றோர்’ என்ற பெருங்காவியம் 1879-ல் முடிந்தது. இயேசுவின் மலைப்பொழிவை வைத்துக் கட்டியது. முழுமையாக மேடையேறியது அவர் மறைந்த பிறகுதான். 1880-ல் பியானோ குவின்டெட் அரங்கேறியது. பியானோ வாசித்தவர் சேன்-சான்ஸ். படைப்பும் அவருக்கே காணிக்கை. வாசித்து முடித்ததும் அவர் கையெழுத்துப் பிரதியை மேடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்வார்கள். 1889-ல் சிம்பொனிக்கு வரவேற்பு குளிர்ந்து கிடந்தது. வீட்டில் கேட்டபோது ஃபிராங்க் கைதட்டலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். மனத்தில் நினைத்தபடியே ஒலித்தது என்று மகிழ்ந்தாராம். ஞாயிறுதோறும் கைதட்டல் இல்லாத இடத்தில் வாசித்துப் பழகியவருடைய நிதானம் அது. ஆலயத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். இசை சரியாக இருந்ததா என்பதைத் தன் காதையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் இத்தனை உதாசீனத்துக்குப் பிறகு அடுத்ததை எழுத உட்கார்ந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

வயலின் சொனாட்டா 1886-ல் எழுதியது. வயலின் மேதை எழேன் இசாயிக்குத் திருமணப் பரிசு. அந்த ஆண்டு டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் ஓவியக் காட்சியகம் ஒன்றில் அரங்கேற்றம். குளிர்கால மாலை, சீக்கிரம் இருட்டிவிட்டது. ஓவியங்கள் இருக்குமிடம் என்பதால் விளக்கேற்ற அனுமதி இல்லை. தாளில் எழுத்து தெரியவில்லை. இசாயியும் பியானோ வாசித்த லெயோந்தின் போர்த்-பெனும் மிச்சப் பகுதிகளை இருட்டில் நினைவிலிருந்தே வாசித்து முடித்தார்கள். அந்தச் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் பியானோவும் வயலினும் கேனனாக ஒன்றையொன்று பின்தொடர்கின்றன. முதல் பகுதியின் கரு மற்ற பகுதிகளில் உருமாறித் திரும்பத் திரும்ப வருகிறது. ‘பானிஸ் ஆஞ்செலிக்குஸ்’ பாட்டில் கேட்ட அதே பின்தொடர்தல். 1841 தேர்வில் காட்டிய அதே உறவு தேடும் காது. கச்சேரி மேடைக்காக அவர் வேறொரு மனிதராக மாறவில்லை.

இங்கே இன்னொரு செய்தி. சிம்பொனியும், 1890 ஏப்ரலில் பெரும் வெற்றி பெற்ற ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டும் வந்த அதே காலத்தில், ஃபிராங்க் ஹார்மோனியத்துக்காகச் சிறு சிறு உருப்படிகள் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதுக்கும் மேல் எழுதி முடித்திருந்தார். பெரிய ஆர்கன் வாங்க வசதியில்லாத கிராமத்து ஆலயங்களில், மரியாளின் பாட்டு வசனங்களுக்கு இடையே வாசிக்க ஏழேழாகக் கட்டிய உருப்படிகள். ‘ஆர்கனிஸ்ட்’ என்ற பெயரில் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தன. ஹார்மோனியம் என்றதும் நமக்கு நம் பஜனை மடமும் நாடகக் கொட்டகையும் நினைவுக்கு வருகின்றன. 1840-களில் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கால்மிதி ஹார்மோனியத்தின் வழிவந்ததுதான் கல்கத்தாவில் கைத்துருத்தி வைத்து மாற்றியமைக்கப்பட்டு நம்மிடம் வந்த பெட்டி. முப்பது ஆண்டுகளாக நாற்பத்தாறு ஸ்டாப் ஆர்கனில் வாசித்தவர், புகழ் அப்போதுதான் கதவைத் தட்டியிருக்கும்போது, அந்தச் சின்னக் கருவிக்காகவும் அதே அக்கறையோடு எழுதினார். அவருக்குச் சிறிய ஊழியம், பெரிய ஊழியம் என்ற பிரிவே இல்லை.

1890-ல் அவர் சென்ற குதிரை வண்டியில் ஓர் ஆம்னிபஸ் மோதியது. காயத்தைப் பெரிதாக நினைக்காமல் வேலையைத் தொடர்ந்தார், உடல் தேறவில்லை. அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் அவர் எழுதி முடித்தவை ஆர்கனுக்கான மூன்று கோரால்கள். கோரால் என்றால் ஆலயக் கீதம். ஆனால் இவை எந்தக் கீதப் புத்தகத்திலும் உள்ள மெட்டுகள் அல்ல. முதல் கோராலில், தொடக்கத்தில் வரும் நீண்ட பகுதியின் கடைசியில் ஒரு சிறு வாக்கியம் ஒதுங்கி நிற்கும். அது முக்கியமானது என்று யாருக்கும் தோன்றாது. போகப் போக, வேறுபாட்டுக்கு வேறுபாடு, அந்த வாக்கியம் மெல்ல முன்னால் வந்து, கடைசியில் முழு ஆர்கனும் அதையே பாடும். உண்மையான கோரால் இசையின் போக்கிலேயே உருவாகிறது என்று ஃபிராங்க் தன் மாணவர்களிடம் விளக்கினார். இரண்டாவது கோராலில் பெடலில் ஒரு கரு வரும். கால்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மேலே கைகள் ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் கட்டும். முப்பத்தைந்தைக் கடந்தபின் வீட்டில் பெடல் பலகை வாங்கிப் பயின்ற கால்கள்தான் அந்தக் கருவை எழுதச் சொல்லிக்கொடுத்தன. 1890 நவம்பர் 8 அன்று ஃபிராங்க் காலமானார். வயது அறுபத்தேழு.

இந்தக் கதையில் ஓர் இழப்பும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய முக்கிய ஆர்கன் படைப்புகள் மொத்தம் பன்னிரண்டுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தால் இரண்டரை மணி நேரம் ஆகலாம். முப்பது ஆண்டு ஞாயிறுகளில் மாடத்திலிருந்து பொழிந்த இசையில் நம் கைக்கு எட்டியது அவ்வளவே. மற்றது மாலை வழிபாட்டோடு காற்றில் போயிற்று. எழுதி வைக்கவும் ஆளில்லை, பதிவு செய்யவும் கருவியில்லை. கேட்ட மாணவர்கள், எழுதியவற்றைவிட வாசித்தவை இன்னும் உயர்ந்தவை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, ஆலயப் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு. உங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவரும் பாடகர் குழுவை நடத்துபவரும் ஓய்வு நேரத்தில் உதவி செய்கிறவர்கள் என்று நினைக்காதீர்கள். உரிய ஊதியம் கொடுங்கள். பயிற்சிக்கு ஆலயத்தைத் திறந்து வையுங்கள். நல்ல ஆசிரியரிடம் கற்கச் செலவு செய்யுங்கள். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் இருப்பதுபோல ஒரு குழாய் ஆர்கன் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கருவி எதுவானாலும் அது பழுதில்லாமல் இருக்க வேண்டும். ஃபிராங்குக்குக் கவாயே-கோல் கிடைத்தார் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, இசைஞர்களுக்கு. பொத்தானை அழுத்தினால் தாளமும் சுருதியும் தானாக ஓடும் கீபோர்டு இன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. காணிக்கை நேரத்தில் அதை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்குப் பாடிய கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்து, உங்கள் விரல்களால் நான்கு நிமிடம் வளர்த்துப் பாருங்கள். முதல் ஆண்டு தடுமாறும். ஐந்தாம் ஆண்டு உங்கள் விரல்கள் உங்களுக்கே புதிதாக எதையாவது சொல்லும். காலையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு நேரத்தையும் உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். ஒவ்வொருவர் கையிலும் இப்போது ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. உங்கள் ஆலயத்து இசைஞர் வாசிப்பதைப் பதிவு செய்து வையுங்கள். நல்லதாக வந்ததை எழுதி வைக்கச் சொல்லி நச்சரியுங்கள். ஃபிராங்கின் மாணவர்கள் செய்ய முடியாமல் போனதை நாம் செய்ய முடியும். அதைச் செய்துவைத்தால், இன்று நம் ஆலயங்களில் யாரும் பொருட்படுத்தாத ஒரு ஞாயிறு வாசிப்பிலிருந்து நாளை ஒரு பெரிய படைப்பு பிறக்கலாம். அதற்கு வேண்டிய பொறுமை நம்மிடம் இருக்கட்டும்.